எங்கள் கேள்விகளை யார் ஆராய்வது?



இன்று உங்கள் வீட்டில் என்ன கறி? கத்தரிக்காய்ப் பால்கறியா, பாகற்காய்ப் பொரியலா?

விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்யும் மரக்கறி இனங்களில் ‘தின்னவேலி ஊதா’ என்று ஒரு கத்தரி இருக்கிறது. ‘தின்னவேலி வெள்ளை’ என்று ஒரு பாகலும் இருக்கிறது. ஆம், நம்முடைய யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிதான். அங்கே திணைக்களத்தின் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம்மில் பலருக்கு அது வெறும் ‘பண்ணை’. நல்ல இன மாங்கன்று கிடைக்குமா, தேசிக்கன்று என்ன விலை என்று விசாரிக்கப் போவோம். கன்றை வாங்கி மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். உள்ளே இருப்பவர்கள் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள் என்று கேட்டதுண்டா?

“எல்லாம் போனிலேயே தேடிப் பார்க்கக்கூடிய காலத்தில், யாழ்ப்பாணத்துக்கென்று தனியாக ஆராய்ச்சி நிலையங்கள் எதற்கு? அரசாங்கக் காசை ஏன் அங்கே செலவழிக்கவேண்டும்?” என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். வரி கட்டுகிறவர் கேட்காமல் வேறு யார் கேட்பது? அந்தக் கடிதத்துக்குப் பதிலாகவே இந்த மாதப் பக்கத்தை எழுதுகிறேன்.

முதலில் சோற்றுப் பானையைப் பார்ப்போம். நாம் கடையில் வாங்கும் அரிசியில் பெரும்பங்கு குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நெல்லினங்களிலிருந்து வருகிறது. 1952 இல் தொடங்கிய நிலையம் அது. 1950களின் இறுதியில் அங்கிருந்து வந்த ‘எச்-4’ நாட்டின் நெல் விளைச்சலையே மாற்றியது. இன்று கமக்காரர் சர்வசாதாரணமாகச் சொல்லும் ‘பீ.ஜீ.’ என்ற எழுத்துகள் பத்தலகொடவைக் குறிப்பவை. பின்னால் வரும் இலக்கத்திலும் கணக்கு இருக்கிறது. பீ.ஜீ. 300 மூன்று மாத நெல், பீ.ஜீ. 352 மூன்றரை மாத நெல், பீ.ஜீ. 403 நான்கு மாத நெல். யாழ் குடாநாட்டில் பெரிய குளமும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. மாரி மழையை நம்பி ஒரே ஒரு போகம் விதைக்கிறோம். மழை பிந்தினால் அரை மாத வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று விதைத்தவருக்குத் தெரியும்.

‘ஏ.ரி.’ என்று தொடங்கும் நெல்லினங்கள் தீவின் தென்கோடியில், அம்பாந்தோட்டை மாவட்டத்து அம்பலாந்தோட்டையிலிருந்து வந்தவை. அங்கேயும் கடல் பக்கத்தில் இருக்கிறது, வயலுக்குள் உவர் ஏறுகிறது. ஆகவே உவரைத் தாங்கும் நெல்லைத் தேடுவது அந்த நிலையத்தின் அன்றாட வேலையானது. கேரளத்து உவர் வயல்களில் காலங்காலமாக விளைந்த பொக்காளி நெல்லோடு நம் நாட்டு இனத்தைக் கலந்து ஏ.ரி. 354 ஐ உருவாக்கினார்கள். இப்போது தென்மராட்சியிலோ வடமராட்சியிலோ கடல்நீரேரிக் கரையில் வயல் வைத்திருக்கும் ஒருவர், தன் நிலத்துக்கு ஏற்ற நெல் எது என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயராவது இருக்கிறது.

உவர் வயலை நாள்தோறும் கண்ட இடத்தில்தான் உவர் நெல்லைப் பற்றிய கேள்வி பிறந்தது. பதில் கிடைத்தபின் அது அந்த ஊரோடு நிற்கவுமில்லை. அப்படியானால் குடாநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய கேள்விகள் எவை? அவற்றைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டு இருபது வருடம் பின்தொடரச் சம்பளம் பெறுகிறவர் யார்?

பனையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் இறப்பருக்கு 1909 இல் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. தேயிலைக்கு 1925 இல் நிறுவனம் வந்தது, தென்னைக்கு 1929 இல். அந்தப் பயிர்களுக்குப் பின்னால் தோட்டத் துரைமாரும் கம்பனிகளும் ஏற்றுமதிப் பணமும் இருந்தன. பனைக்கு யார் இருந்தார்கள்? வேலியோரத்தில் நாலு மரம் வைத்திருந்த குடும்பங்களும், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிய சீவல் தொழிலாளர்களும்தான். பனை அபிவிருத்திச் சபை உருவானது 1978 இல். தென்னைக்குக் கிடைத்தது பனைக்குக் கிடைக்க அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. கைதடியில் இருக்கும் பனை ஆராய்ச்சி நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தத் தாமதம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பனை விதையைப் புதைத்தால் அது பாளை தள்ள ஏறக்குறைய பன்னிரண்டு, பதினைந்து வருடம் செல்லும். ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும். நல்ல இனம் ஒன்றைத் தெரிந்தெடுத்து, விதை எடுத்து, அதன் பிள்ளை மரத்தையும் பார்க்கவேண்டும் என்றால் ஓர் ஆராய்ச்சியாளரின் முழு உத்தியோக காலமும் போதாது. எந்தத் தனியார் கம்பனி இதற்குக் காசு போடும்? எந்த மூன்று வருடப் புரொஜெக்ட் இதைச் செய்து முடிக்கும்? ஆட்சி எத்தனை தரம் மாறினாலும் அதே மரத்தடியில் நின்று குறிப்பெழுத ஒரு நிரந்தர நிறுவனம் தேவைப்படுகிறது. அப்படி ஒரு நிறுவனம் என்ன செய்யலாம் என்பதற்குக் கடல் கடந்து ஓர் உதாரணம் உண்டு. தமிழ்நாட்டின் வேளாண்மைப் பல்கலைக்கழகம் எஸ்.வி.பி.ஆர். 1 என்று ஒரு பனை இனத்தையே தெரிந்தெடுத்து வெளியிட்டிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய இனம் அது.

தொண்ணூறுகளில் இங்கே இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் மறந்திருக்காது. பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கிடைக்காத அந்த நாட்களில் பனம்பழத்தைக் கொண்டு உடுப்புத் தோய்த்தோம். பனங்களியைத் தேய்த்தால் நுரை வந்தது, ஊத்தையும் போனது. ஏன் போனது என்று அன்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருந்தால் போதும்.

பனங்களியில் ‘ஃபிளாபெலிஃபெரின்’ என்று ஒரு சேர்மத் தொகுதி இருக்கிறது. பனையின் விஞ்ஞானப் பெயரின் பின்பாதியிலிருந்து பிறந்த பெயர். இவை சபோனின் வகையைச் சேர்ந்தவை. நீரில் கலக்கினால் நுரைக்கும் இயல்பு சபோனின்களுக்கு உண்டு. பனங்களியின் கசப்புக்கும் இதே தொகுதிதான் காரணம். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஈ.ஆர். ஜான்ஸும் அவருடைய மாணவர்களும் பல வருடங்கள் இதை ஆராய்ந்தார்கள். கசப்பை நீக்குவது எப்படி என்று பார்த்தார்கள். குடலிலிருந்து குளுக்கோஸ் இரத்தத்துக்குள் போவதை இது குறைக்கிறதா என்று எலிகளில் பரிசோதித்தார்கள். நீரிழிவு இல்லாத வீடு எது இன்று? பனங்களிப் பணியாரம் சுடும் அம்மாவுக்கும், அதைச் சாப்பிடலாமா என்று யோசிக்கும் அப்பாவுக்கும் இது நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். (எலியில் கண்டதை வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதற்கு நான் பொறுப்பில்லை!)

பனங்கிழங்கிலிருந்து செய்யும் ஒடியல் மாவின் கதை இன்னும் நெருக்கமானது. 1970களின் தொடக்கத்தில் பேராதனை மருத்துவ பீட ஆய்வாளர்கள் ஒடியல் மாவை எலிகளுக்கு உணவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈரல் பாதிக்கப்பட்டதை 1971 இல் ஒரு வைத்திய சஞ்சிகையில் எழுதினார்கள். நரம்பைப் பாதிக்கிறதா என்ற கேள்வியும் பின்னால் வந்தது. ஜான்ஸ் குழுவினர் 2004 இல் அதை மீண்டும் ஆராய்ந்தார்கள். மாவைச் சூடாக்குவது என்ன மாற்றத்தைச் செய்கிறது என்றும் பார்த்தார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் கூழ்ச் சட்டியைக் கவிழ்க்கவேண்டாம். எலிக்குத் தொடர்ந்து கொடுத்த பச்சை மாவும், நாம் மாவை ஊறவைத்துத் தெளிநீரை வடித்து, நெடுநேரம் கொதிக்கவிட்டு, எப்போதாவது ஒருநாள் சிரட்டையில் குடிக்கும் கூழும் ஒன்றல்ல. நம் ஆச்சிமார் மாவை ஏன் ஊறவைத்து வடித்தார்கள்? கயர் போவதற்கு என்றுதான் சொல்வார்கள். கயரோடு வேறு என்ன போகிறது, எவ்வளவு நேர ஊறலில் போகிறது, எவ்வளவு நேரக் கொதிப்பு வேண்டும்? இதை அளந்து, ஒடியல் மா பக்கெட்டின் பின்புறத்தில் இரண்டு வரி தெளிவான தமிழில் எழுதிவைப்பதுதானே ஒரு பனை ஆராய்ச்சி நிறுவனம் நம் குசினிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி?

மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். நம் கூழைப் பற்றிய கேள்விகளில் முக்கியமான சிலவற்றைப் பேராதனையிலும் ஸ்ரீ ஜயவர்தனபுரத்திலும் இருந்தவர்கள் எழுப்பினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். இங்கே இருந்தவர்கள் சும்மா இருந்தார்கள் என்றும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தெய்வேந்திரராஜா பனங்கள்ளில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து 1987 இல் சர்வதேச சஞ்சிகையில் எழுதினார். அந்த வருடம் குடாநாட்டில் நடந்துகொண்டிருந்த போரை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் இல்லாத ஊரில் குளிர்ப்பெட்டிக்குள் வைத்த மாதிரி எத்தனை நாளைக்குத் தாங்கும்? 1995 இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது எத்தனை குறிப்புப் புத்தகங்கள் மேசையிலேயே கிடந்து அழிந்திருக்கும்? ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் உண்மையான சொத்து, அறுபடாமல் தொடர்ந்து எழுதப்பட்டுவரும் அந்தக் குறிப்புகள்தான். கட்டடத்தைப் பிறகும் கட்டலாம். பத்து வருட மழைக்கணக்கையும் பூத்த தேதிகளையும் பிறகு எப்படி எழுதுவது?

அடுத்தது கிணறு.

கிணறில்லாத வளவு நம் ஊரில் அபூர்வம். கீழே சுண்ணாம்புக் கல், மேலே மெல்லிய மண். பெய்கிற மழை வடிந்து இறங்கித் தங்கும் இடமும், தோட்டத்துக்குப் போட்ட யூரியா வடிந்து இறங்கும் இடமும், மலசலகூடக் குழியிலிருந்து கசிவது போய்ச்சேரும் இடமும் ஒன்றுதான். விவசாயத் திணைக்களத்தின் மண் விஞ்ஞானி எஸ். நாகராஜாவும் சக ஆய்வாளர்களும் யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கிணறுகளின் நைத்திரேற்று அளவைப் பற்றி 1988 இல் எழுதிவிட்டார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது விசேஷமாக ஆபத்து.

இதில் எல்லா வீடுகளிலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். கிருமி சாகும், உண்மை. நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய மீதி நீரில் அது இன்னும் செறியும். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று நெடுநேரம் கொதிக்கவைக்கும் தாய்க்கு இதை யார் சொல்வது? கிணற்று நீரைப் பரிசோதித்து, இந்தக் கிணறு பரவாயில்லை, அந்தக் கிணறு வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்லப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடம் வேண்டாமா?

சுன்னாகத்தில் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அங்குள்ள மின்நிலையத்தைச் சுற்றிக் கிணற்று நீரில் எண்ணெய் மிதக்கிறது என்று சனம் சொல்லத் தொடங்கியது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் எண்ணெய், கிறீஸ் அளவு கூடுதலாக இருப்பதைக் காட்டின. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு ஆபத்தான மாசு இல்லை என்றது. நடுவில் நின்ற குடும்பம் என்ன செய்யும்? பவுசர் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, நிலத்தடி நீர் மாசடைந்ததற்கு மின் உற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாக்கி ரூபா 2 கோடி இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இந்த விவகாரத்தில் எனக்குப் பட்டது இதுதான். பிரச்சினை எழுந்தபிறகு அவசரமாகக் குழு அமைத்தால், அந்தக் குழு என்ன சொன்னாலும் ஒரு தரப்பு நம்பாது. அதே கிணறுகளை இருபது வருடமாக, பிரச்சினை இல்லாத காலத்திலும், மாதம் தவறாமல் அளந்துவந்த நிலையம் ஒன்று இருந்திருந்தால்? “போன வருடம் இந்தக் கிணற்றில் எண்ணெய் இல்லை, இந்த வருடம் இருக்கிறது” என்ற ஒரு வரி போதும். வாதமே வேறு மாதிரி நடந்திருக்கும்.

கிணற்றோடு வந்த இன்னொரு சேதி, நாம் பெருமைப்படவேண்டியது. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பூச்சாடி, டயர், யோகட் கப், சிரட்டை. உவர்த் தண்ணீரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் பேராசிரியர் எஸ்.என். சுரேந்திரனும், பேராசிரியர் ரஞ்சன் ராமசாமியும், அவர்களோடு சேர்ந்த ஆய்வாளர்களும் கரையோரத்தில் தேடிப் பார்த்தார்கள். உவர்த் தன்மையுள்ள நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்வதை 2011 இல் உலகுக்கு அறிவித்தார்கள். வீட்டுக் கிணறுகளில், அதுவும் உவர்க் கிணறுகளில் அவை வளர்வதை அடுத்த வருடம் எழுதினார்கள்.

யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவிலோ கொழும்பிலோ உட்கார்ந்திருக்கும் நிபுணருக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு திறந்த கிணறு, அதிலும் பல உவர்க் கிணறு என்ற நிலைமை தோன்றியிருக்குமா? கிணற்றடியில் குளித்து வளர்ந்தவருக்குத்தான் “சரி, அதையும் ஒருக்கால் எட்டிப் பார்ப்பம்” என்று படும். எட்டிப் பார்த்ததன் பலன் இன்று கடலோர ஊர்கள் எல்லாவற்றுக்கும் போய்ச்சேர்கிறது.

மலேரியாவிலும் இதே மாதிரி நடந்தது. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. எல்லோரும் கைதட்டினோம். அதே வருடம் டிசம்பரில், மன்னாரில், இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ‘அனொபிலிஸ் ஸ்டெஃபன்சி’ நுளம்பு முதன்முறையாகப் பிடிபட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். நோயே இல்லாத நாட்டில் நுளம்பு பிடித்துக்கொண்டிருக்கும் பிரிவுக்கு எதற்குச் சம்பளம் என்று யாராவது கணக்குப் பார்த்து அதை மூடியிருந்தால், அந்த நுளம்பை நமக்குக் காட்டியிருப்பது நோயாளிகள்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் என்னை நம்பமாட்டீர்கள்.

இந்த நிறுவனங்களோடு எல்லாம் சரியா? இல்லை. ரிப்போர்ட்டுகள் ஆங்கிலத்தில் வருகின்றன. வெங்காயத்துக்கு நோய் வந்து பாத்தி முழுக்கச் சுருண்டு கிடக்கும்போது, அதன் பெயர் ஒரு பி.டி.எஃப். இன் பதினான்காம் பக்கத்தில் இருந்து என்ன பயன்? விவசாயப் போதனாசிரியர் ஒருவருக்கு எத்தனை ஊர்கள் என்று கேட்டால் பாவமாக இருக்கிறது. நல்லாய் வேலை பழகிய ஆராய்ச்சியாளர் இடமாற்றத்தில் போய்விடுகிறார், அல்லது விமானம் ஏறிவிடுகிறார். வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கிறது.

அரசாங்கம் தன் சொந்த விஞ்ஞானிகளையே கேட்காத சந்தர்ப்பமும் உண்டு. 2021 மே மாதம் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. ஒரே இரவில் முழு நாடும் சேதனப் பசளைக்கு மாறமுடியாது என்று சொல்ல நாட்டில் விஞ்ஞானிகள் இல்லாமல் போகவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் போகம் போய்விட்டது. அந்த நட்டத்தை யார் கட்டினார்கள்? நெல் விதைத்தவரும், அடுத்த வருடம் அரிசி வாங்கப்போன நீங்களும் நானும்தான்.

காசு விஷயத்துக்கு வருவோம். ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் இலங்கை செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 0.1 வீதம். அதாவது நூறு ரூபாயில் பத்துச் சதம் சொச்சம். தென்கொரியா நான்கு ரூபாய்க்கு மேல் செலவழிக்கிறது. பத்துச் சதத்திலும் குடாநாட்டுக்கு எவ்வளவு வந்துசேரும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். வாசகர் கடிதத்துக்கு இதுவே நேரடிப் பதில். அங்கே கொட்டப்படும் பணத்தைப் பற்றி அவர் கவலைப்படுகிறார். கொட்டுகிற அளவுக்கு அங்கே ஒன்றும் போகவில்லை.

பொறுப்பு யாருடையது? அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மாகாண நிரலில், தேசிய நிறுவனங்கள் என்று பெயரிடப்பட்டவை தவிர்ந்த விவசாய ஆராய்ச்சி மாகாணத்துக்குரிய விடயமாக இருக்கிறது. 1987 இலிருந்து காகிதத்தில் இருக்கிறது. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது 2013 இல்; 2018 இல் அதன் காலம் முடிந்தது. அந்த ஐந்து வருடத்தில் சபை நிறைவேற்றிய தீர்மானங்கள் ஏராளம். ஆராய்ச்சிக்காக ஒரு நிலையான ஏற்பாட்டைச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சபைக் கட்டடமும் கைதடியில், பனை ஆராய்ச்சியும் கைதடியில். நடந்தே போய் விசாரித்துவிட்டு வந்திருக்கலாம்.

எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் போடவும் எனக்கு மனமில்லை. காரைக்குடியைப் பாருங்கள். மழை குறைந்த, பெரிய தொழிற்சாலை எதுவும் இல்லாத செட்டிநாட்டு ஊர். அங்கே இந்தியாவின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அழகப்பச் செட்டியார். 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து, “இங்கே கட்டுங்கள்” என்றார். 1948 இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து நடத்துவது அரசாங்கம்; அந்த ஊரில் அதை இருத்தி வைத்தது ஊர்க்காரர் ஒருவரின் ஆசை.

நம் புலம்பெயர் உறவுகளின் கை சின்னக் கை இல்லை. ஊரூராக எழுந்திருக்கும் இராசகோபுரங்களைப் பார்த்தாலே தெரியும். தேர் செய்யவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு இந்த ஊரில் இருக்கமுடியாது. ஆனால் கிணற்று நீரைப் பரிசோதிக்கும் ஒரு கருவியை, அதை இயக்கப் பழகும் ஒரு பிள்ளையின் மூன்று வருடப் புலமைப்பரிசிலை, அம்மா அப்பாவின் ஞாபகார்த்தமாகக் கொடுக்கலாம்தானே? அன்னதானத்துக்குக் கொடுக்கும் குடும்பங்கள் இதற்கும் கொடுக்கக்கூடிய குடும்பங்கள்தான். யாரும் போய்க் கேட்டதில்லை, அவ்வளவே.

பிள்ளைகள் விஷயத்திலும் ஒன்று சொல்லவேண்டும். கணிதம், உயிரியல் படிக்கும் பிள்ளை எஞ்சினியர் அல்லது டொக்டர். அந்த இரண்டுக்கும் புள்ளி காணாவிட்டால் “விவசாய பீடமாம்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. அங்கே படித்து வெளியேறும் பிள்ளை நாளைக்கு உங்கள் சின்ன வெங்காயத்துக்கு நோய் வராத விதை ஒன்றைத் தந்தால், அதை எந்த டொக்டரின் வேலைக்குக் குறைவாகச் சொல்வீர்கள்? வெங்காயக் குமிழ் நட்டுச் செய்கிறவருக்கு விதை வெங்காயத்தின் விலையே முதுகை முறிக்கிறது. உண்மை விதையில் நாற்றுப் போட்டு நடும் முறையைத் திணைக்களம் இங்கே பரப்பியதால் சிலருக்காவது அந்தச் செலவு குறைந்திருக்கிறது. அதற்குப் பின்னாலும் வெய்யிலில் நின்று பூங்கொத்து எண்ணிய யாரோ ஒரு பட்டதாரி இருக்கிறார்.

இனி வேண்டுகோள். இது உங்கள் எல்லோருக்கும்.

உங்கள் வளவில், தோட்டத்தில், குசினியில், கரையில் பதில் தெரியாமல் கிடக்கும் கேள்வி ஏதாவது இருக்கும். தென்னையின் ஓலை கறுத்துப் போய், அடியில் வெள்ளை ஈ அப்பியிருக்கிறதா? முன்பு நல்ல தண்ணீராக இருந்த கிணறு எந்த வருடத்திலிருந்து உவர்த்தது? கறுத்தக்கொழும்பான் மா பூத்தும் ஏன் பிடிக்கவில்லை? பினாட்டு ஏன் முன்பு போல நாள் தாங்குவதில்லை? எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து மாதம் ஒரு பக்கத்தை இந்தக் கேள்விகளுக்கு ஒதுக்குகிறோம். திருநெல்வேலிக்கும் கைதடிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம். வந்த பதிலை அப்படியே தமிழில் போடுவோம். பதில் வராவிட்டால், கேள்வியை மறுபடி போடுவோம். எத்தனையாம் மாதம் என்ற இலக்கத்தோடு.

எழுதும்போது இரண்டு விஷயத்தை மறக்காமல் குறிப்பிடுங்கள்: உங்கள் ஊரின் பெயர், மண்ணின் நிறம். கோப்பாய்ச் செம்மண்ணுக்குச் சொல்கிற பதிலை மணற்காட்டில் இருப்பவர் எடுத்துச் செய்துவிட்டு எங்களைத் திட்டக்கூடாது பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்